வீடு மாறியதில் மிரண்டுபோன பூனை: லாவெண்டர் எண்ணெயும் குப்பைமேனி வேரும் உதவுமா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனைக்கு நாலு வயது. பெண், நாட்டுப் பூனை, கருத்தடை செய்தாயிற்று. பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்தோடு இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன் கோவையில் இரண்டாவது மாடி ஃப்ளாட்டுக்கு வந்தோம். அன்றிலிருந்து பகல் முழுக்கக் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகுதான் வெளியே வந்து சாப்பிடுகிறது. வாரத்தில் இரண்டு மூன்று முறை எங்கள் மெத்தை மேலேயே சிறுநீர் போகிறது. வயிற்றை நக்கி நக்கி ஒரு பக்கம் முடியே இல்லை. மாத்திரை கொடுக்க மனசு வரவில்லை. லாவெண்டர் எண்ணெயை, அறையில் வாசனை பரப்பும் டிஃப்யூசரில் போடு என்கிறார் தோழி. பூனைகள் மயங்கும் கேட்னிப் இலையை வாங்கு என்கிறார் இன்னொருவர். குப்பைமேனி வேரைப் பிடுங்கிப் போடு என்கிறார் என் மாமியார். இன்னும் ஒரு மாதத்தில் தீபாவளி வேறு. எதைச் செய்யலாம்?

பதில்: லாவெண்டர் எண்ணெயை ஏற்கெனவே வாங்கியிருந்தால் சீசாவைத் திறக்காமல் எடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் மாமியார் சொன்ன குப்பைமேனி வேர் ஓரளவு பயன்படும். எதற்கு, எப்படி என்று பின்னால் சொல்கிறேன். இரண்டுக்கும் முன்னால் நடக்க வேண்டியது சிறுநீர்ப் பரிசோதனை. மெத்தையில் போவதையும் வயிற்றை நக்குவதையும் பயம் என்று மட்டும் நினைக்கிறீர்கள். அது வலியாகவும் இருக்கலாம்.

மனஅழுத்தம் கூடும்போது சில பூனைகளுக்குச் சிறுநீர்ப்பையின் உள்சுவரில் அழற்சி ஏற்படும். கிருமி எதுவும் இருக்காது. ஆனாலும் எரியும், அடிக்கடி போகத் தோன்றும். அந்த வலியைப் பூனை மணல் தட்டோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்கிறது. அங்கே போனால் வலிக்கிறது என்று மெத்தை, மடித்து வைத்த துணி, மிதியடி என மெத்தென்ற இடமாகத் தேடுகிறது. சிறுநீர்ப்பை இருக்கிற அடிவயிற்றையே நக்குகிறது. நடுவயது, திடீரென்று வீட்டுக்குள் அடைபட்ட வாழ்க்கை, இடமாற்றம் என்று இந்த நோய் தலைகாட்டுவதற்கான காரணங்கள் எல்லாம் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. இந்த வயதுப் பூனைகளில் பாக்டீரியாத் தொற்று குறைவு. அதனால் பரிசோதனை செய்யாமல் ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கொண்டு திரும்புவதில் பயனில்லை.

சிறுநீரை வீட்டிலேயே பிடிக்கலாம். தட்டை வெந்நீரில் கழுவி நன்றாகக் காயவைத்து, மணலுக்குப் பதில் மீன் தொட்டியில் போடும் சிறு கூழாங்கற்களைக் கழுவி ஒரு கைப்பிடி மட்டும் பரப்புங்கள். பூனை போனதும் தட்டைச் சாய்த்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் 5 மில்லி உறிஞ்சி, சுத்தமான டப்பாவில் ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள். தாமதமானால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நேரம் கடந்தாலும் குளிர்ந்தாலும் சிறுநீரில் இல்லாத படிகங்கள் புதிதாக உருவாகி, முடிவைக் குழப்பிவிடலாம். ரத்தம், அடர்த்தி, படிகம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கல் இருக்கிறதா என்று ஒரு ஸ்கேனும் எடுப்பது நல்லது.

வயிற்று வழுக்கைக்குத் தெள்ளுப்பூச்சியும் காரணமாகலாம். நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாலடியிலும் கழுத்திலும் வாரி, விழும் கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். தூளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கறை பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். பூனையின் ரத்தம்தான் அது. அப்படியானால் முதலில் அதற்கு மருந்து போட வேண்டும். நாய்க்கு வாங்கியதைப் போடாதீர்கள். நாய் மருந்துகள் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பு வரவைக்கும், உயிரே போகலாம்.

வீட்டில் ஆண் பூனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூனை திரும்பத் திரும்பத் தட்டில் உட்கார்ந்து முக்குகிறது, ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் அது சிறுநீர்க்குழாய் அடைப்பு. மறுநாள் காலை வரை காத்திருக்காதீர்கள். ஒன்றிரண்டு நாளில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும்.

இனி எண்ணெய். நாமும் நாயும் உள்ளே போன பல பொருள்களைக் கல்லீரலில் குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைத்து வெளியேற்றுகிறோம். பூனைக்கு அந்த வேலையைச் செய்யும் நொதிகளில் முக்கியமான சில கிடையாது. மனிதருக்குச் சாதாரணமான பாராசிட்டமால் மாத்திரை ஒன்று பூனையைக் கொன்றுவிடுவதற்கும் இதுவே காரணம். வாசனை எண்ணெய்களில் இருக்கும் பீனால்களும் டெர்பீன்களும் அதன் உடம்பிலேயே தங்கிவிடுகின்றன. லாவெண்டரில் இருக்கும் லினலூல், லினலைல் அசிடேட் ஆகிய இரண்டும் பூனைக்கு ஆகாதவை. டிஃப்யூசரில் போட்டால் வாசனைதானே வருகிறது என்று தோன்றும். நீராவியோடு எண்ணெய்த் துளிகளும் பறந்து மயிரில் படிகின்றன; ஒரு நாளில் பல மணி நேரம் தன்னை நக்கிக்கொள்ளும் பிராணி அதை அப்படியே விழுங்குகிறது. எச்சில் வழிதல், தள்ளாட்டம், நடுக்கம், வாந்தி, மூச்சிரைப்பு என்று வரும். சோர்ந்து படுப்பதைப் பார்த்து 'அமைதியாகிவிட்டது' என்று வீட்டார் நிம்மதியடைவதும் உண்டு. இதில்தான் எனக்கு மிகுந்த கவலை. நீலகிரித் தைலம், டீ ட்ரீ, புதினா, கிராம்பு, லவங்கப்பட்டை, எலுமிச்சை எண்ணெய்கள், கற்பூரம், தலைவலித் தைலம் எல்லாம் இதே கணக்கு. நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு பூனையை மடியில் வைக்காதீர்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது தரை துடைக்கும் பினாயில். தண்ணீரில் கலந்தால் பால்போல வெளுக்கும் கிருமிநாசினிகள் பெரும்பாலும் பீனால் அல்லது பைன் எண்ணெய் உள்ளவை. ஈரத் தரையில் நடந்த பூனை பாதத்தை நக்கும், அது ஒன்று. இன்னொன்று, புது வீட்டில் அது கன்னத்தைத் தேய்த்தும் நகத்தால் பிறாண்டியும் வைத்த தன் வாசனை தினமும் காலையில் துடைத்தெடுக்கப்படுகிறது. ஒவ்வொரு நாளும் அதற்குப் புது வீடு. சோப்புத் தண்ணீரால் துடையுங்கள், போதும். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை அது இருக்கும் அறைக்குள் கொண்டு போக வேண்டாம். ஆஸ்துமா இருக்கும் பூனைக்குப் புகை மூச்சுத்திணறலை வரவழைக்கும்.

கேட்னிப்பும் குப்பைமேனியும் வேறு வகை. கேட்னிப் இலையில் உள்ள நெப்பட்டலாக்டோன் மூக்கு வழியாக வேலை செய்கிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பூனைகள் அதற்கு மயங்கும். மற்றவை திரும்பிக்கூடப் பார்க்காது. அது பரம்பரையாக வருவது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கும் ஒன்றும் ஆகாது. முகர்ந்தவுடன் கன்னத்தைத் தேய்த்து, புரண்டு, பின்னங்காலால் உதைத்து, பத்து நிமிடத்தில் அடங்கும். அதற்குப் பிறகு ஒரு மணி நேரமாவது எவ்வளவு கொடுத்தாலும் எடுபடாது. கவனியுங்கள்: முதலில் வருவது கிளர்ச்சி. அடங்கிய பிறகு வருவதுதான் அமைதி. பட்டாசு வெடிக்கும்போதோ ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போகும்போதோ கேட்னிப் கொடுத்தால் மிரட்சியின் மேல் கிளர்ச்சியை ஏற்றிய கதையாகிவிடும்.

நம் ஊர்க் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றொரு பெயர் உண்டு. செடியைப் பிடுங்கி வேர் வெளியே தெரிந்தால் பூனைகள் வந்து விழுந்து புரளும். வேரைத்தான் அவை நாடுகின்றன, இலையை அல்ல. ஆகவே காசு கொடுத்து இறக்குமதிச் சரக்கு வாங்க வேண்டிய அவசியமில்லை. பிடுங்குமிடத்தில் மட்டும் கவனம் தேவை. தெருவோரச் செடியில் வேறு பூனையின் சிறுநீர் பட்டிருந்தால், எதிரி வீட்டுக்குள் நுழைந்துவிட்டதாக உங்கள் பூனை இன்னும் பதுங்கும். களைக்கொல்லி அடித்த இடமும் கூடாது. தொட்டியில் வளர்த்த செடி ஒன்றை வேரோடு எடுத்து, மண் போகக் கழுவி, தண்டையும் இலையையும் வெட்டி எறிந்துவிட்டு, வேரை மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து எடுத்துவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை போதும். கஷாயம் வைத்து ஊட்டுவது, அரைத்துச் சோற்றில் கலப்பது இரண்டும் வேண்டாம். அந்தச் செடியில் சயனைடை வெளிவிடக்கூடிய அகாலிஃபின் என்ற பொருள் இருக்கிறது. முகர்வதற்கு மட்டுமே அது.

இந்த வேரை அமைதி மருந்தாக நினைக்காமல், பூனையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவைக்கும் தூண்டிலாகப் பயன்படுத்துங்கள். ஒரு கோணிச்சாக்கை மரக்கட்டையில் இறுக்கிச் சுற்றி, இரண்டரை அடி உயரத்துக்கு ஆடாமல் நிறுத்தி, அதில் வேரைத் தேயுங்கள். பூனை அங்கே வந்து பிறாண்டினால் அந்த இடம் அதனுடையதாகிறது. உங்கள் வைத்தியம் உண்மையில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பூனை மிரண்டுபோவது வீட்டில் உள்ள மனிதர்களால் அல்ல, தன் வாசனை இல்லாத இடத்தால். இரண்டு மாதம் கடந்திருந்தாலும் பரவாயில்லை, முதல் நாளிலிருந்து தொடங்குங்கள். சத்தம் குறைந்த படுக்கையறை ஒன்றை இரண்டு வாரத்துக்கு அதற்கென்று ஒதுக்குங்கள். பழைய வீட்டிலிருந்து வந்த, துவைக்காத போர்வையோ சாக்கோ எதுவாக இருந்தாலும் அங்கே போடுங்கள். பக்கவாட்டில் ஓர் ஓட்டை வெட்டிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள். நெதர்லாந்துக் காப்பகம் ஒன்றில் நடத்தி 2014-ல் வெளியான ஆய்வில், ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த புதுப் பூனைகள் மூன்றாம், நாலாம் நாளிலேயே கிடைக்காதவற்றைவிடத் தெளிவாக அமைதியடைந்திருந்தன. ஒளிவதைத் தடுத்தால் பயம் தெளியாது. கட்டிலுக்கு அடியில் கையை விட்டு இழுக்கவே இழுக்காதீர்கள். பீரோவின் மேல் ஒரு துண்டை விரித்து, ஏறிப்போக நாற்காலி, மேசை என்று படி வைத்துக் கொடுங்கள். மரமும் ஓடும் ஏறிப் பழகிய பூனை அது.

செலவில்லாத இயற்கை மருந்து ஒன்று அதன் கன்னத்திலேயே இருக்கிறது. மெல்லிய பருத்தித் துணியால் அதன் கன்னத்தையும் மீசைக்குப் பின்புறத்தையும் இலேசாக வருடுங்கள். அது விரும்பி முகத்தைக் கொடுக்கும் நேரத்தில் மட்டும். அந்தத் துணியைக் கதவு விளிம்பு, கட்டில் கால், நாற்காலிக் கால் ஆகியவற்றில் தரையிலிருந்து ஓர் அடிக்குள், பூனையின் மூக்கு உயரத்தில் தினமும் ஒருமுறை தேயுங்கள். கடையில் விற்கும் ஃபெலிவே போன்ற ஃபெரோமோன் டிஃப்யூசர்கள் இந்தக் கன்ன வாசனையின் ஒரு பகுதியைச் செயற்கையாகச் செய்தவைதான். அவற்றில் வாசனை எண்ணெய் இல்லை, தீங்கில்லை. ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள். வாங்கினால், பூனை அதிகம் இருக்கும் அறையில், திரைக்கும் சோஃபாவுக்கும் பின்னால் மறையாத பிளக்கில், 24 மணி நேரமும் ஓட விடுங்கள். ஒரு புட்டி ஏறத்தாழ 30 நாள் வரும். மின்விசிறி முழு வேகத்தில் சுற்ற, ஜன்னலும் திறந்திருக்கும் நம் வீடுகளில் பலன் நீர்த்துப்போகிறது. பலரும் பயனில்லை என்று குறைப்படுவதற்கு இது பெரிய காரணம்.

மணல் தட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்ட மண்ணில் போய்ப் பழகிய பூனைக்கு வாசனை சேர்த்த கடை மணல் பிடிபடாது. மூக்கிலிருந்து வாலடி வரை உள்ள நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 65 முதல் 70 செ.மீ. நீளமுள்ள தட்டையான பிளாஸ்டிக் டப் வாங்குங்கள். வாசனையற்ற நுண்மணல் 5 செ.மீ. ஆழத்துக்குக் கொட்டி, மேலே சலித்த தோட்ட மண் இரண்டு கை தூவுங்கள். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, வெவ்வேறு இடங்களில். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்திலும் வேண்டாம். காலையும் மாலையும் அள்ளுங்கள்.

மெத்தையைப் பினாயிலோ பிளீச்சோ போட்டுத் துடைத்தால் வாசனை போகாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறும். பூனை மறுபடி அங்கேயே வரும். என்சைம் உள்ள சலவைத்தூள் 100 கிராமை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஒற்றி எடுங்கள். பிறகு வெறும் தண்ணீர். காய்ந்ததும் மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டை இலேசாகத் தெளித்துத் துடையுங்கள். ஸ்பிரிட் முழுதும் காயும்வரை பூனை அந்த அறைக்குள் வரக்கூடாது. ஒரு மாதத்துக்கு மெத்தை மேல் ரெக்ஸின் விரிப்பு இருக்கட்டும். திட்டாதீர்கள், மூக்கைக் கொண்டுபோய்த் தேய்க்காதீர்கள். வலியோடு இருக்கும் பிராணிக்கு அது இன்னொரு பயத்தைத்தான் கற்றுக்கொடுக்கும்.

சாப்பாட்டில் தண்ணீரைக் கூட்டுங்கள். சிறுநீர் நீர்த்தால் எரிச்சல் குறையும். உப்பும் மசாலாவும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்த மீனையோ கோழியையோ அந்தத் தண்ணீரோடே கொடுங்கள். உலர் தீவனத்திலும் வெந்நீர் ஊற்றலாம். வெங்காயம், பூண்டு ரத்தச் சிவப்பணுவை உடைப்பவை என்பதால் குழம்புச் சோறு வேண்டாம். கருவாடும் வேண்டாம். இரவு ஒரே வேளையாக வைக்காமல் நாலைந்து சிறு வேளைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் முன்னால், குச்சியில் கட்டிய இறகையோ கயிற்றையோ தரையோடு இழுத்து ஐந்து பத்து நிமிடம் விளையாட்டு. கடைசியில் அது பிடிக்கும்படி விட்டுக்கொடுங்கள். துரத்தி, பிடித்து, தின்று, நக்கித் துடைத்து, தூங்குவதுதான் பூனையின் நாள். தோட்டத்தில் எலியும் ஓணானும் செய்து கொடுத்த அந்த வேலையை ஃப்ளாட்டில் நீங்கள்தான் செய்து கொடுக்க வேண்டும். பால்கனித் தொட்டியில் அறுகம்புல்லோ கோதுமைப் புல்லோ வளர்த்துக் கொடுத்தால் கடித்துப் பொழுதுபோக்கும். பால்கனிக்கு வலை போட்ட பிறகு மட்டும் அங்கே விடுங்கள்.

உள்ளுக்குக் கொடுப்பவற்றில் கொஞ்சமாவது நம்பத் தகுந்தவை இரண்டு. ஒன்று, பால் புரதத்திலிருந்து எடுக்கும் ஆல்ஃபா-காசோசெபைன். 5 கிலோ வரையுள்ள பூனைக்கு 75 மி.கி. கேப்சூல் ஒன்றைத் திறந்து, நாளுக்கு ஒருமுறை உணவில் கலக்கலாம். இன்னொன்று, தேயிலையில் உள்ள எல்-தியனைன். பூனைக்கென்று தயாரித்ததை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள்; மனிதருக்கான கிரீன் டீ மாத்திரையில் காஃபீன் இருக்கும், அது ஆபத்து. இரண்டும் மெதுவான உதவிதான். மிரண்டு ஓடும் பூனையை நிறுத்தாது. பால் புரதம் நல்லது என்றதும் பால் ஊற்றாதீர்கள், பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்கு வயிற்றால் போகும். இரண்டு சொட்டு பிராந்தி கொடு என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். மலர் மருந்துச் சொட்டுகள் சிலவற்றிலும் ஆல்கஹால்தான் அடிப்படை. அவை பயம் போக்கும் என்பதற்கு ஆதாரமும் இல்லை.

தீபாவளிக்கு இன்றே தயாராகலாம். தமிழ்நாட்டில் 2018 முதல் பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் வகுத்திருக்கிறார்கள். ஆனால் சத்தம் இரண்டு நாள் முன்பே தொடங்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவைப் பார்க்காத அறையில் பெட்டி, தண்ணீர், தட்டு எல்லாம் ஒரு வாரம் முன்னதாகவே இருக்க வேண்டும். அந்த நாளில் ஜன்னலைச் சாத்தி, தடித்த திரை போட்டு, மின்விசிறியும் டிவியும் ஓடட்டும். வாசல் கதவு திறந்து மூடும்போது அது பாய்ந்து ஓடாமலிருக்க அறைக்கதவு தாழிட்டே இருக்கட்டும். ஆல்ஃபா-காசோசெபைனை ஒரு வாரம் முன்னதாகத் தொடங்குங்கள்.

மாத்திரை கொடுக்க மனசு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பயம் என்பதும் ஒரு வேதனை. கட்டிலுக்கு அடியில் கண்மணி விரிந்து, காது மடங்கி, மணிக்கணக்கில் நடுங்கும் பூனைக்கு அந்த ஓரிரு நாளுக்கு மட்டும் பயத்தைத் தணிக்கும் கபாபென்டின் மருந்து கொடுப்பதில் தவறில்லை. சத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால், எடைக்கேற்ப உங்கள் மருத்துவர் எழுதித் தரும் அளவில் கொடுக்க வேண்டும். சாதாரண நாள் ஒன்றில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். சில பூனைகள் தள்ளாடும் என்பதால் அன்று பீரோ மேல் ஏற விடாதீர்கள். வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுப்பது வேறு விஷயம். வாய்வழி டயசெபாம் சில பூனைகளுக்குக் கல்லீரலையே அழித்திருக்கிறது. அசெப்ரோமசின் என்ற மயக்க ஊசியையும் பட்டாசுக்கென்று கேட்டு வாங்காதீர்கள். உடம்பு துவண்டு கிடக்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும்.

சிறுநீர் முடிவு கையில் வந்ததும், நக்கிய இடத்தின் புகைப்படத்தையும், மெத்தையில் போன தேதியும் நேரமும் குறித்த தாளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மேலே சொன்னதையெல்லாம் ஆறு வாரம் செய்தும் பகலில் வெளியே வரவில்லையென்றால், நீண்டகால மருந்து பற்றி அவரிடம் பேசுங்கள். ஃப்ளூக்சடின் போன்றவை வேலை செய்யத் தொடங்கவே நாலைந்து வாரம் எடுக்கும். இடையில் எப்போதாவது ஒரு முழு நாள் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் அன்றே தொலைபேசியில் கேளுங்கள். இரண்டு நாள் பட்டினி கிடந்தால், அதிலும் பூனை குண்டாக இருந்தால், கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேரும்; உடனே கேரியரில் வைத்து, மேலே துண்டைப் போர்த்திக் கொண்டு போய்விடுங்கள்.